மழைக்கு முன்பே வெடித்த மாதுளை

இலங்கையின் கிழக்குக் கரையில், ஒலுவில் பக்கத்து வளவுகளில் மாதுளை வெடிக்கிற காலம் என்று ஒன்று உண்டு. கச்சான் காற்று அடங்கி, மேற்கே வயல்களுக்கு அப்பால் பின்னேரங்களில் முகில் கறுத்துக் கட்டத் தொடங்கி, ஒக்டோபரில் முதல் பெரிய மழை இறங்குகிற இரவு அது. மறுநாள் சுபஹுக்கு எழும்புகிறவர்கள் வெளிச்சம் வந்ததும் பார்த்துவிடுகிறார்கள். முந்தின நாள் அந்தியில் முழுசாகத் தொங்கிய காய், முடியிலிருந்து காம்புவரை பிளந்து நிற்கும். உள்ளே பழுத்துச் சிவந்திருந்தாலாவது பறித்துத் தின்னலாம். முத்துகளில் பாதி வெள்ளை, மீதி வெளிறிய சிவப்பு. வாயில் போட்டால் துவர்க்கும். எறும்பு அதற்குள் வந்திருக்கும். இரண்டு நாளில் பழ ஈ முட்டையிடும், நாலாம் நாள் பிளவின் ஓரம் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

யாரைக் கேட்டாலும் மழையைத்தான் சொல்வார்கள். துறைமுகத்துக்குப் போகும் வீதியோரத்து வீடொன்றில் ஒரு மூத்தம்மா இப்படிச் சொன்னார்: "நேத்து ராவைக்கு மழை பேஞ்ச, விடிய எழும்பிப் பார்த்தா எல்லாம் வெடிச்சிக் கிடக்கு மனெ." பக்கத்தில் நின்ற மகளுக்கு வேறு எண்ணம். "போன கிழமை வந்த ஆக்களெல்லாம் என்ன காய்ப்பு என்ன காய்ப்பு எண்டு சொல்லிட்டுப் போன உம்மா. இது கண்ணூறு." மகளுடைய மாப்பிள்ளை இரண்டையும் ஏற்கவில்லை. மரத்துக்குச் சத்துக் காணாது என்று உரக்கடையில் விசாரித்து, ஒரு பைக்கற் போறோன் வாங்கி வைத்திருந்தார்.

மூன்று பேரும் நேற்றோ போன கிழமையோ நடந்த ஒன்றைத் தேடுகிறார்கள். அந்தக் காய் வெடித்தது ஒக்டோபரில்தான். ஆனால் அது வெடிக்கப்போகிறது என்பது ஜூலையிலோ ஆகஸ்டிலோ, முகில் ஒன்றும் இல்லாத ஒரு வானத்தின் கீழ் முடிவாகிவிட்டது என்பதே நான் சொல்ல வருவது. காயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலே அது தெரியும்.

நான் திருப்பிப் பார்த்த காயில் மேற்கு வெயில் படுகிற பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கபில நிறத் தழும்பு ஒன்று இருந்தது. வெயில் சுட்ட இடம். மற்றப் பக்கம் வழுவழுப்பாக இருக்க, இந்த இடம் விரலுக்குச் சொரசொரத்தது. பெருவிரலால் அழுத்தினால் நெளியவில்லை. தழும்பைச் சுற்றி மிக மெல்லிய கோடுகள். நகத்தால் கீறியபோது தக்கைத் தூளாக உதிர்ந்தன. அவை பழைய வெடிப்புகள். மேல்தோல் மட்டும் விட்டுப்போக, உள்ளே எதுவும் நுழைந்துவிடாதபடி காய் தானே தக்கை வைத்து அடைத்த இடங்கள். அப்படி அடைக்க நாட்கள் பிடிக்கும். ஓர் இரவில் நடக்கிற வேலையில்லை. முந்தின இரவின் பெரிய பிளவு அந்தக் கோடுகளில் ஒன்றின் மேலேயே ஓடியிருந்தது.

ஒரு மாதுளங்காய் வளர்வதென்றால் உள்ளும் புறமும் சேர்ந்து வளர வேண்டும். உள்ளே ஒவ்வொரு விதையைச் சுற்றியும் சாறு நிறைகிற முத்து பருக்கிறது. வெளியே தோல் அதற்கு இடம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். ஈரம் சீராக இருக்கும்வரை இரண்டும் ஒத்துப்போகும். மண் காய்ந்து, இலைகள் சுருண்டு, நாட்கணக்கில் காய்க்குப் போகும் நீர் குறைந்துவிட்டால் வளர்ச்சி இரண்டிலும் நின்றுபோகும். இரண்டும் நிற்கிற விதம்தான் வேறு. முத்தின் கலங்கள் தண்ணீர் கிடைத்த உடனே மறுபடி ஊதத் தயாராக இருக்கின்றன. தோலின் கலங்கள் அப்படியில்லை. வரண்ட காற்றிலும் வெயிலிலும் அவற்றின் சுவர் தடித்து இறுகிவிடுகிறது. இழுபடும் தன்மை போய்விடுகிறது. பராட்டாவுக்குப் பிசைந்த மா உருண்டைகளை ஈரத்துணியால் மூடாமல் காற்றில் விட்டுவிட்டுப் பிறகு வீசிப் பாருங்கள். உள்ளே மா இளகித்தான் இருக்கும். மேலே காய்ந்த ஏடு முதல் இழுவையிலேயே கிழியும்.

இதில் சுண்ணச்சத்துக்கும் ஒரு பங்கு உண்டு. கலச்சுவர்களைப் பிடித்துவைக்கும் கல்சியம், வேர் உறிஞ்சும் நீரோடு மட்டுமே மேலே ஏறும். ஓர் இடத்தில் வந்து சேர்ந்த கல்சியத்தை மரம் பெயர்த்து இன்னோர் இடத்துக்கு அனுப்புவது அரிது. இலையிலிருந்து நீர் மிக அதிகமாக ஆவியாவதால் கல்சியத்தின் பெரும்பகுதி இலைக்கே போய்விடும். காய்க்குக் கிடைப்பது மிச்சம். நீரோட்டமே நின்று நின்று வந்தால் அந்த மிச்சமும் இல்லை. இத்தனைக்கும் மண்ணில் கல்சியம் நிறையவே இருக்கக்கூடும். மண்ணில் இருப்பது வேறு, காயின் தோலுக்கு வந்து சேர்வது வேறு.

ஏன் எப்போதும் விடியலில்தான் வெடித்துக் கிடக்கிறது என்பதற்கும் காரணம் இதே நீரோட்டத்தில் இருக்கிறது. பகலில் இலைகள் நீரை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். வேர் எடுப்பதெல்லாம் அங்கே செலவாகும். இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். மழைக் காற்றில் ஈரப்பதன் நிறைந்திருந்தால் ஆவியாதல் இல்லையென்றே சொல்லலாம். ஆனால் நனைந்த மணலில் வேர் உறிஞ்சுவதை நிறுத்துவதில்லை. அந்த நீருக்குப் போக வேறு இடம் கிடையாது, காய்க்குள் போகிறது. மூத்தம்மா சொன்ன நேரக் கணக்கு சரியானது. ராவு மழை, விடிய வெடிப்பு.

இனிக் காலத்தைப் பார்க்க வேண்டும். மாதுளை பூத்ததிலிருந்து பழமாக ஐந்து முதல் ஆறு மாதம் எடுக்கும். இந்தக் கரையில் அது எந்த மாதமும் பூக்கக்கூடிய மரம். ஆனாலும் சித்திரையில் இடியோடு வருகிற மழைகளை அடுத்துப் பூக்கிற பூதான் அதிகம் பிடிக்கிறது. அந்தப் பூ காயாகி, விரல் பருமன் தாண்டி, எலுமிச்சை அளவு வரும்போது கச்சான் தொடங்குகிறது. தென்மேல் பருவக்காற்று தன் மழையெல்லாவற்றையும் மலைநாட்டின் மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இறங்கும்போது சூடேறி, ஈரம் வற்றிய காற்றாக எங்கள் பக்கம் வந்து சேரும். மே முதல் செப்டம்பர் வரை அதுதான். உடம்பை வியர்க்கவும் விடாது, மரத்தை நிமிரவும் விடாது. ஆண்டு மழையின் பெரும்பங்கு அதற்குப் பிறகு, ஒக்டோபர் கடைசி தொடங்கி ஜனவரிவரை, மாரியாக வந்து சேர்கிறது. ஆக, காய் தோல் வளர்க்க வேண்டிய மாதங்கள் கச்சான் மாதங்கள். அது பழுக்க வேண்டிய நாட்கள் மாரியின் முதல் நாட்கள். இதைவிட மோசமான பொருத்தத்தை யோசித்து அமைக்க முடியாது.

மண்ணும் உதவாது. கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று போகும் ஊர்கள் எல்லாம் கடலுக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் மணல் மேட்டில் நெருங்கி உட்கார்ந்தவை. இந்த மணல் மழையை அப்படியே கீழே விட்டுவிடும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுநாள் அந்த இடத்தைத் தோண்டினால் ஒரு சாணுக்குள் ஈரத்தைக் காணமாட்டீர்கள். களிமண்ணாக இருந்தால் கிழமைக்கொரு தடவை ஊற்றினாலும் பிடித்துவைத்திருந்து மரத்துக்குக் கொடுக்கும். மணலில் கொஞ்சம் கொஞ்சமாக, நாள்தோறும் கொடுத்தாக வேண்டும்.

அப்படியென்றால் முந்தைய காலத்தில் இந்த மரங்கள் எப்படிப் பழம் தந்தன? அப்போதும் இதே மணல், இதே கச்சான். இந்தக் கேள்வியோடு வளவுகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் ஒன்று எனக்குத் தட்டுப்பட்டது. பழைய வீடுகளில் மாதுளை நின்ற இடம் கிணற்றடி.

கிணற்றடியில் நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். சுபஹ், லுஹர், அஸர், மஹ்ரிப், இஷா என்று ஐந்து வேளை. ஒவ்வொரு வேளைக்கும் வீட்டில் இருக்கிற ஆட்கள் வந்து, குந்தியிருந்து, கை கழுவி, வாய் கொப்பளித்து, முகமும் கையும் காலும் கழுவி வுழூ எடுத்துவிட்டுப் போவார்கள். அந்தத் தண்ணீர் கல்லிலிருந்து வழிந்து மண்ணில் ஒரு சின்ன வாய்க்கால் பிடித்து மரத்தடிக்குப் போகும். வீட்டில் நாலு பேர், ஆளுக்கு ஒரு தடவைக்கு 2 லீற்றர் என்று குறைத்து வைத்தாலும் நாளைக்கு 40 லீற்றர். கணக்கைவிட முக்கியம் அது வந்த விதம். ஒரேயடியாகக் கொட்டாமல் ஐந்தாகப் பிரிந்து, விடியுமுன் தொடங்கி இரவுவரை, ஒரு நாளும் தவறாமல் வந்தது. கச்சானிலும் வந்தது. நோன்பு மாதத்தில் தராவீஹ் தொழுகைக்காக இன்னும் ஒரு பங்கு வந்தது. சவர்க்காரம் இல்லாத தண்ணீர். வேருக்கு ஒரு கேடும் இல்லை. நாங்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின்படி கடமையான கழுவலுக்குப் பயன்பட்ட சொற்ப நீரால் திரும்ப வுழூ எடுக்க முடியாது. ஆனால் அந்த நீர் நஜீஸ் இல்லை, தன்னளவில் சுத்தமானது. மனிதனுக்கு மறுபடி ஆகாத நீர் மரத்துக்கு ஆகும் என்ற ஏற்பாட்டை யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. கிணற்றையும் மரத்தையும் பக்கத்தில் வைத்த பெண்களின் கைக்கு அது தெரிந்திருந்தது.

பெண்களின் கை என்று சும்மா சொல்லவில்லை. இந்தக் கரையில் வீடும் வளவும் மகளுக்குப் போகிறவை. மாப்பிள்ளை மனைவியின் வீட்டுக்கு வந்து இருப்பவர். அக்கரைப்பற்றில் 1960களின் கடைசியிலிருந்து தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானுடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இங்குள்ள முஸ்லிம்கள், தமிழர்கள் இருசாராரிடமும் இந்த வழக்கத்தைக் கண்டு விரிவாக எழுதியிருக்கிறார். உம்மா நட்ட மாதுளை மகளுடைய மாதுளையாகும். மரத்தின் பழக்கவழக்கம் தெரிந்த ஆள் அதன் பக்கத்திலேயே இருப்பார். இரண்டு மூன்று பெண் பிள்ளைகள் என்றால் வளவு துண்டாகும், ஒவ்வொரு துண்டிலும் ஒரு வீடு எழும்பும். மரம் ஒரு துண்டிலும் கிணறு இன்னொரு துண்டிலும் நடுவே மதிலுமாகப் போன வளவுகள் கணக்கில்லாமல் இருக்கின்றன.

பிறகு குழாய் வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரையின் கிணறுகள் உப்பாகிப்போக, நல்ல தண்ணீருக்குக் குழாய் என்பது ஆடம்பரம் என்ற நிலை மாறி உயிர்த்தேவையானது. நாட்டிலேயே அதிகம் பேரைப் பலிகொடுத்த மாவட்டம் எங்கள் அம்பாறை. அதற்குப் பின் கட்டிய வீடுகளில் குளியலறை வீட்டுக்குள் வந்தது. வுழூவும் உள்ளே போனது. வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை மாரி இரவில் கிணற்றடிக்குப் போய்வந்தவர்களே அறிவார்கள். அதைத் திருப்பிக் கேட்கிற எண்ணம் எனக்கு அறவே இல்லை. ஆனால் அந்த நீர் இப்போது ஓடு பதித்த தரையின் துவாரத்தில் இறங்கி, கழிவறைத் தண்ணீரோடு சேர்ந்து குழிக்குப் போகிறது. முற்றத்தில் பாதிக்கு மேல் சீமெந்து. மாதுளைக்கு யாராவது நினைத்த அன்று இரண்டு வாளி. மரம் வாடிக் கண்டால் நாலு வாளி. நாளாந்தம் கிடைத்துவந்த ஒன்று, ஞாபகம் வந்தால் கிடைக்கிற ஒன்றாக மாறிப்போனது.

நினைத்த அன்று ஊற்றுகிற அந்த நாலு வாளியும் ஒரு சின்ன மழைதான். ஆகஸ்டில் வானம் வெளுத்திருக்கும்போதே சில காய்கள் வெடிப்பதன் காரணமும் அதுவே. கண்ணூறு என்று சொல்லத் தோன்றுவது அந்தக் காய்களைப் பார்க்கும்போதுதான். மழையைக் குற்றம் சொல்ல அங்கே வழியில்லை அல்லவா?

மாதுளையின் சொந்த நாடான ஈரானையும் அதன் பக்கத்து ஆப்கானிஸ்தானையும் இங்கே நினைக்க வேண்டும். எங்கள் கச்சானை விடக் கொடிய வறட்சி அங்கே. ஆனாலும் கந்தஹார் மாதுளை உலகப் புகழ்பெற்றது. அந்த வட்டாரத்தின் பழைய நீர்ப்பாசனம் மலையடிவார நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய் வழியே ஊருக்குக் கொண்டுவருவது. ஈரானில் கனாத் என்றும் ஆப்கானிஸ்தானில் கரேஸ் என்றும் சொல்வார்கள். இறைக்கத் தேவையில்லை, பகலிரவாகத் தானே ஓடும். பழம் முற்றுகிற இலையுதிர்காலத்தில் அங்கே பெருமழையும் இல்லை. வறண்ட நாட்டு மரம் என்று மாதுளையைச் சொல்கிறோம். அது கேட்பது வறண்ட காற்றும் ஈரம் மாறாத வேரும். நாங்கள் வேரையும் வறட்சியில் விட்டுவிட்டுப் பிறகு வெள்ளத்தில் நிறுத்துகிறோம்.

இந்தியாவின் மாதுளைத் தலைநகர் என்று சொல்லத்தக்க மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரில் 2005இல் இந்தப் பழத்துக்கென்றே தேசிய ஆராய்ச்சி நிலையம் அமைத்தார்கள். வெடிப்பு அங்கேயும் பெரிய தலைவலி. தோட்டக்காரர்களுக்கு முதலில் சொல்லப்படுவது சொட்டு நீர்ப்பாசனமும் வேரடி மூடாக்கும். மருந்து தெளிப்பது அதற்குப் பின்னர்தான். செர்ரிப் பழத்தின் கதை வேறு மாதிரி. அதில் மழைநீர் பழத்தின் தோல் வழியாகவே உள்ளே இறங்கி வெடிக்க வைக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மழை விட்டதும் தோட்டத்துக்கு மேலே ஹெலிகொப்டரைத் தாழப் பறக்கவிட்டு, பழத்தில் நிற்கும் நீரை உதறிவிடுகிறார்கள். குளிர்நாட்டுப் பெயார்ஸில் ஸ்கெப் என்ற பூஞ்சண நோய் இளம் பிஞ்சின் தோலில் கறுப்புத் திட்டாக விழும். அந்த இடம் வளராமல் நின்றுவிட, காய் பருக்கும்போது அங்கே பிளக்கும். எங்கள் மாதுளையின் வெயில் தழும்பு செய்கிற அதே வேலை.

போறோன் பைக்கற்றுக்கு வருகிறேன். போறோன் குறைந்தால் கலச்சுவர் பலவீனப்படும், காய் வெடிக்கும் என்பது உண்மை. மணலில் அது கழுவுண்டு போவதும் உண்மை. ஆனால் கடல்நீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 4.5 மில்லிகிராம் போறோன் இருக்கிறது. கடலோரத்தில் சவர் ஏறிய கிணற்று நீரோடு அதில் கொஞ்சம் வரத்தான் செய்யும். போதுமான அளவுக்கும் நஞ்சாகிற அளவுக்கும் இடைவெளி மிகச் சிறிய சத்து இது. கூடிவிட்டால் இலை நுனியும் ஓரமும் கருகும். மண்ணையோ இலையையோ பரிசோதிக்காமல் கைப்பிடி கைப்பிடியாகப் போடுவதற்குரிய பொருள் இல்லை என்று அந்த மருமகனிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். பைக்கற்றைத் திருப்பிக் கொடுத்தாரா என்று விசாரிக்கவில்லை.

துறைமுகத்துக்குக் கிட்டப் போகப் போக இன்னொரு சிக்கல் சேருகிறது. எம்.எச்.எம். அஷ்ரப் 1994இல் துறைமுகங்களுக்குப் பொறுப்பான அமைச்சரானபோது இந்தக் கரைக்கென்று கண்ட கனவு ஒலுவில் துறைமுகம். அவர் 2000 செப்டம்பர் 16 ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்து பல வருடங்களுக்குப் பின், 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டம்பரில் திறந்தார்கள். இந்தக் கரையில் அலை மணலை ஓயாமல் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலோட்டத்தை மறித்தன. தெற்கே மணல் குவிந்தது, துறைமுக வாயிலையும் அடைத்தது. வடக்கே வரவேண்டிய மணல் வராமல் கரை அரிபட்டுத் தென்னைகள் கடலுக்குள் சரிந்தன. வள்ளம் இழுத்துவைக்க இடமில்லாமல் போனது, தோணி துறைமுகத்துக்குள்ளும் நுழைய முடியாமல் போனது. மீன்பிடிக்கிற குடும்பங்கள் இரண்டு பக்கமும் இழந்து நின்றன. ஒரு ஊர் கேட்டுப் பெற்ற துறைமுகம் அந்த ஊரையே தின்னத் தொடங்கியது என்பதை எழுதும்போது இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை. அங்கேயும் கடலைத்தான் முதலில் குற்றம் சொன்னார்கள்.

கரை உள்ளே வந்தால் கிணற்றுக்கும் கேடு. மணல் மேட்டுக்கு அடியில் நல்ல தண்ணீர், கனம் கூடிய உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. கடல் கிட்ட வர அந்தப் படலம் மெலியும். வாளியால் இறைத்த காலத்தில் மேல் தண்ணீர் மட்டும் வந்தது; மோட்டர் போட்டு உறிஞ்சும்போது கீழிருந்து உப்பும் எழும்பி வருகிறது. மாதுளை ஓரளவு உப்பைத் தாங்கும் மரம்தான். ஆனால் உப்பு மிகுந்த மண்ணில் வேர் நனைந்திருந்தாலும் குடிக்க முடியாது. உப்பு நீரைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆகஸ்டு முழுவதும் சவர்த் தண்ணீர் ஊற்றிய மரம், ஊற்றியவர் கண்ணுக்கு நனைந்தும் தனக்குள் காய்ந்தும் நிற்கிறது. ஒக்டோபர் மழை அந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்கிய அதே மணித்தியாலங்களில் வேருக்கு நீர் ஒரேயடியாகத் திறந்துவிடுகிறது. வெடிப்பு இந்த வளவுகளில் கூடுதலாக இருப்பதை விளக்க எனக்குக் கண்ணூறு தேவைப்படவில்லை.

இவ்வளவும் முற்றாத காயின் வெடிப்பைப் பற்றி. முற்றிய பழம் வெடிப்பதை நான் குறையென்று சொல்லமாட்டேன். காட்டு மாதுளை பழுத்துத் தானே பிளந்தால்தான் குருவி வந்து முத்தைத் தின்று விதையைக் கொண்டுபோகும். பிளக்காத பழம் மரத்துக்கு வீண். குர்ஆனில் மாதுளை மூன்று இடங்களில் வருகிறது. சூரா அர்ரஹ்மானில் சுவனத்துப் பழங்களோடும், சூரா அல்அன்ஆமில் இரண்டு தடவை பூமியின் விளைச்சல்களோடும். அல்அன்ஆமின் 141ஆம் வசனம் பழம் உண்பதைச் சொன்ன கையோடு, அறுவடை நாளில் அதற்குரிய உரிமையைக் கொடுத்துவிடச் சொல்கிறது. ஒவ்வொரு மாதுளையிலும் ஒரு முத்து சுவர்க்கத்து முத்து, எது என்று தெரியாததால் ஒன்றையும் சிந்தக் கூடாது என்று மூத்தம்மாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அந்த நம்பிக்கையோடு வளர்ந்தவர்களுக்கு, பாதி வெளுத்த முத்துகளோடு ஒரு காய் பிளந்து பூஞ்சணம் பிடிப்பதைப் பார்க்கிறபோது வருகிற துக்கம் காசுக் கணக்கில் அடங்காது. ஒரு காய் போனால் கடையில் ஒன்று வாங்கலாம் என்று அவர்களிடம் சொல்ல முடியாது.

செய்யக்கூடியவை கைக்கெட்டிய தூரத்திலேயே இருக்கின்றன. தேங்காய் பொச்சு இந்த ஊர்களில் குவிந்து கிடக்கிறது. மரத்தடியைச் சுற்றி ஒரு முழ ஆழக் குழி வெட்டி, நார்ப் பக்கம் மேலே பார்க்கப் பொச்சை அடுக்கி மண்ணால் மூடினால் ஊற்றும் நீரை அது உறிஞ்சி வைத்திருந்து விடும். தென்னைக்கு இதை வெகுகாலமாகச் செய்கிறோம். அதற்கு மேல் வைக்கோலோ நிந்தவூர்ப் பக்கத்து ஆலைகளின் உமியோ பரப்பலாம். மேற்கு வெயில் படும் காய்களுக்குப் பழைய சாரன் துணியில் பை தைத்துக் கட்டினால் தோல் வேகாது, அணிலும் அண்டாது. மழைக்கு முன் முற்றியதைப் பறித்துவிட வேண்டும். முற்றிய காய் உருண்டை வடிவம் விட்டுப் பக்கங்கள் தட்டையாகிக் கோணம் எடுக்கும். முடியின் இதழ்கள் உள்ளே மடியும். விரல் மடக்கித் தட்டினால் உலோகம்போல் கணீரென்னும்.

எல்லாவற்றிலும் இலகுவானதை வீடு கட்டுகிறவர்கள்தான் செய்ய வேண்டும். குளியலறைக்குள் வுழூ எடுக்கும் இடத்தின் தண்ணீரைக் கழிவறைக் குழாயோடு சேர்க்காமல் தனிக் குழாயில் பிரித்து, சுவருக்கு வெளியே வளவுப் பக்கம் விடச் சொல்ல வேண்டும். தரை போடுவதற்கு முன் சொன்னால் மேசனுக்கு அரை நாள் வேலை. ஓடு பதித்த பின் சொன்னால் உடைக்க வேண்டும், அப்போது ஒருவரும் உடைக்கமாட்டார்கள். பள்ளிவாசலில் வுழூ எடுக்கும் தொட்டியான ஹவுளின் வழிநீர் போகும் பக்கம் தென்னையும் வாழையும் கொழுத்து நிற்பதை எல்லோரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் போகிறார்கள். அந்த மூத்தம்மாவின் பேத்திக்கு இப்போது பக்கத்துத் துண்டில் வீடு எழும்புகிறது. அத்திவாரம் முடிந்து தரைக்கு மணல் கொட்டியிருக்கிறார்கள். மேசனிடம் சொல்லச் சொன்னேன். "நீங்களே வந்து சொல்லுங்க மனெ, பொம்புளைகள் சொன்னா அவன் கேக்கமாட்டான்" என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.